சம்மதம் ஐந்து

காலை ஒன்பது ஐம்பதுக்கு சொர்ணம் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாள். பதினோரு நாளுக்குப் பிறகு ஏறுகிறாள். மகள் நிஷாவுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியது நேற்றுத்தான். அதுவரை வாசலில் வேப்பிலை. அவளும் யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரும் அவள் வீட்டுக்கு வரவில்லை.

ஆய்வு மையம் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. மூன்று அறைகள். ஒன்றில் இயக்குநர் கல்யாணராமன். ஒன்றில் காகிதக் கட்டுகள். நடு அறையில் இரண்டு கணினிகள். ஜன்னலோரத்தில் இருப்பது ஜானுவுடையது, சுவரோரத்தில் இருப்பது சொர்ணத்துடையது. ஜானு இன்னும் வரவில்லை. சொர்ணம் செருப்பைக் கழற்றி விட்டு, மின்விசிறியைக்கூடப் போடாமல், கணினியைப் போட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் குழாயடியில் பஞ்சாட்சரம் அவளை நிறுத்தியிருந்தார். அவர் பிளம்பர். அவர்கள் இருவரும் குடியிருக்கும் ஆற்றங்கரைச் சாயக்காரத் தோட்டத்தில் முதல் வரிசையில் முதல் வீடு. அடையாற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் அவர் வீட்டைத்தான் கேட்கும்.

"சனிக்கெழம மூணு பேரு ஜீப்புல வந்தாங்க" என்றார். "ஊருக்கு வெளிய எடம் ரெடியா கீதாம். இருவத்திரெண்டு கிலோமீட்டராம். போறதுக்கு நாமெல்லாம் ஒத்துக்கினோமாம்."

"யாரு மாமா ஒத்துக்கினது?"

"அத்தத்தான் நானும் கேட்டேன். முந்நூத்தி இருவத்தெட்டு குடும்பம் சம்மதம்னு பேப்பர்ல கீதுன்றான். நீ எழுதிக்கினு போனியே, அதுலேந்து எடுத்ததாம்."

சொர்ணம் சிரித்துவிட்டாள். "எங்க குட்த்தாலும் போறேன்னு சொன்னது முப்பத்தோரு வீடு. எனக்கு மனப்பாடம். அவங்க எதையோ மாத்திப் படிச்சிக்கினு வந்திருப்பாங்க. சாயங்காலம் தெருவாரியா அச்சடிச்சு எடுத்துக்கினு வரேன். யாரு இன்னா சொன்னாங்கன்னு நீங்களே படிச்சிக்குங்க."

"எடுத்துக்கினு வா" என்றார் பஞ்சாட்சரம். அவர் சிரிக்கவில்லை. "நாங்க வாயத் தொறந்ததே உன் மூஞ்சிக்காகத்தான்."

அது உண்மை. அதற்கு முன் கணக்கெடுக்க வந்தவர்களைத் தோட்டத்துக்காரர்கள் பாலம் வரை விரட்டியிருந்தார்கள். தை மாதம் சொர்ணம் படிவக் கட்டோடு போய் நின்றபோதும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் பிறந்து வளர்ந்த தெரு அது. "நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்" என்றாள். "எழுதினத நானே கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். நடுவுல வேற கை படாது." அதற்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன. கதவு இல்லாத வீடுகளில் திரை விலகியது. முந்நூற்று எண்பத்தாறு குடும்பங்கள். சுவரில் நீலச் சாயத்தில் எண் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

பதினான்காம் கேள்வி: அரசாங்கம் வீடு கொடுத்தால், எங்கே என்றாலும் போகச் சம்மதமா?

பதினைந்தாம் கேள்வி: ஐந்து கிலோமீட்டருக்குள் கொடுத்தால் சம்மதமா?

பதினைந்து முதலில் படிவத்தில் இல்லை. முதல் நாளே பூக்கார சுலோச்சனா கேட்டாள். "விடியறதுக்கு முன்ன நான் மந்தைவெளி மார்க்கெட்ல நிக்கணும். அங்கேந்து வர முடியும்னா போறேன். முடியாதுன்னா இங்கியே கெடக்குறேன். இத்த எந்த எடத்துல எழுதுவ?" எழுத இடம் இல்லை. சொர்ணம் படிவத்தைத் திருப்பி எடுத்து வந்தாள். கல்யாணராமன் புதிதாக ஒரு கேள்வி சேர்க்க ஒப்பவில்லை. ஜானுதான் அவரோடு அரை மணி நேரம் வாதாடினாள். "சார், அவா சொல்றதை எழுத எடமே இல்லேன்னா அப்புறம் எதுக்கு சார் கேக்கறோம்?" என்றாள். அப்படி வந்தது பதினைந்து.

கணினி அட்டவணையில் அவை மேலிருந்து கீழே ஓடும் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு சம்மதம். இன்னொன்றின் தலைப்பு சம்மதம்5.

சொர்ணம் தெருவாரிப் பட்டியலைத் திறந்தாள். அது அவளே தனக்காகச் செய்துகொண்ட அறிக்கை, அவள் கணினியில் மட்டும் இருப்பது. பட்டியல் வரவில்லை. திரையின் நடுவில் சிறிய கட்டம் ஒன்று வந்து நின்றது. அதில் சம்மதம்5 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் காலியாக ஒரு இடம்.

அந்தக் கட்டத்தை அவளுக்குத் தெரியும். அந்த மென்பொருளில் ஒரு பத்தியின் பெயரை மாற்றினால், அந்தப் பெயரை நம்பியிருக்கும் அறிக்கைகளுக்கு அது தெரியாது. ஒவ்வொன்றையும் கையால் திறந்து மாற்ற வேண்டும். ஏதாவது விட்டுப்போனால், அந்த அறிக்கை பழைய பெயரைச் சொல்லி, இது என்ன என்று நம்மிடமே கேட்கும். காலியிடத்தில் எதை அடித்தாலும் அதையே எல்லாக் குடும்பத்துக்கும் நிரப்பிக்கொள்ளும். ஆம் என்று அடித்தால் முந்நூற்று எண்பத்தாறும் ஆம்.

அவள் எதையும் அடிக்காமல் கட்டத்தை மூடினாள். பதில்கள் இருக்கும் அட்டவணையை நேராகத் திறந்தாள்.

சம்மதம்5 இல்லை. சம்மதம் இருந்தது. முதல் வரி பஞ்சாட்சரம். சம்மதம்: ஆம்.

பதினான்காம் கேள்விக்குப் பஞ்சாட்சரம் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. படிவத்தில் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தாள். அவள் அட்டவணையை வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனாள். குடும்ப அட்டை, கழிப்பறை, மின் இணைப்பு எல்லாம் தாண்டி, கடைசியில், திரையில் சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத இடத்தில், பழையது என்பதற்கு ஒரு ப ஒட்டி, சம்மதம்_ப என்று ஒரு பத்தி இருந்தது. அங்கே பஞ்சாட்சரம் இல்லை என்றிருந்தார். சுலோச்சனா இல்லை என்றிருந்தாள். சொர்ணமும் இல்லை என்றிருந்தாள். அவள் வீடும் அந்த முந்நூற்று எண்பத்தாறில் ஒன்று.

பிறகு தொகுப்பு அறிக்கையைத் திறந்தாள். அது தங்குதடையில்லாமல் வந்தது. மொத்தக் குடும்பங்கள் 386. இடம்பெயரச் சம்மதம் 328. சம்மதமில்லை 58.

ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஐந்து கிலோமீட்டர் மட்டும் காணோம்.

ஜானு பத்தேகாலுக்கு வந்தாள். தலையில் ஈரம் காயவில்லை. சொர்ணத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை என்றுதான் சொர்ணத்துக்குத் தோன்றியது.

"வந்துட்டியா! குழந்தை எப்டிடி இருக்கா? தலைக்கு ஜலம் விட்டாச்சோன்னோ? மூஞ்சில தழும்பு கிழும்பு விழுந்துடலையே?"

"சம்மதம் அஞ்சு எங்க?"

ஜானு குடையை ஆணியில் மாட்டினாள். கைப்பையை மேஜைக்குள் வைத்தாள். நாற்காலியைத் துணியால் துடைத்தாள்.

"ஜானு."

"ஒரு நம்பரைக்கூட நான் தொடலைடி. தலைப்பைத்தான் மாத்தினேன்."

"தலைப்ப மாத்துனா போதும். நம்பரத் தொட வேணாம். இது எனக்குத் தெரிஞ்சத விட உனக்கு நல்லாத் தெரியும்."

"சார் சொன்னார். ரெண்டு சம்மதம் இருந்தா படிக்கறவாளுக்குக் குழப்பம், ஒண்ணு போறும்னார். நான் கேட்டேன். நிஜமா கேட்டேன். அஞ்சு கிலோமீட்டர் விஷயம் அடியில சின்னதா ஒரு குறிப்பா வரும்னார்."

"வந்திச்சா?"

"நான் அடிச்சுக் குடுத்தேன்."

"வந்திச்சா?"

"அவர் எடுத்துட்டார்."

"அப்ப நீ இன்னா பண்ண?"

ஜானு கணினியைப் போட்டாள். அது உறுமிக்கொண்டு எழுந்தது.

"மாட்டேன்னு நீ சொல்லியிருந்தா வேற யாரு மாத்தறது?" என்றாள் சொர்ணம். "அவருக்கு மௌஸ எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் ஜானு அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

கல்யாணராமன் மரியாதையான மனிதர். குரல் உயர்த்திப் பேச மாட்டார். சொர்ணம் உள்ளே போனபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"உக்காருங்க சொர்ணம். குழந்தை தேவலையா?"

"தேவல சார். சம்மதம்ன்ற பத்தி மாறியிருக்குது சார்."

"ஆமாம். சீராக்கினோம்."

"அஞ்சு கிலோமீட்டர்னா போறேன்னு சொன்னவங்களப் பூரா, போறேன்னு சொன்னதாக் காட்டுது."

"போறேன்னு சொன்னாங்க இல்லையா?"

"அஞ்சு கிலோமீட்டர்னா."

"தூரத்தை முடிவு பண்றது நாம இல்ல. நம்ம வேலை எண்ணறது. அதோட நிக்கணும்."

"நான் எண்ணல சார். கேட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு தடவ கேட்டேன். என்னக் கேக்காம மாத்திட்டீங்க."

"கேக்காமயா?" கல்யாணராமன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர் போலத் தெரிந்தார். இழுப்பறையைத் திறந்து மாற்ற நோட்டை எடுத்தார்.

அட்டையில் காக்கித்தாள் போட்ட நீள நோட்டு. அவர் ஏற்படுத்திய முறை அது. முதல் வருஷம் யாரோ ஒரு பத்தியின் பெயரை ஒரு அட்டவணையில் மாற்றி, இன்னொன்றில் மாற்றாமல் விட்டு, ஒரு தெருவே அறிக்கையிலிருந்து விழுந்துபோயிற்று. அதிலிருந்து எந்தப் பெயரை மாற்றினாலும் ஒருத்தி வாசிக்க வேண்டும், ஒருத்தி மாற்ற வேண்டும். பழைய பெயர், புதுப் பெயர், எந்த அட்டவணை என்று நோட்டில் எழுதி, இரண்டு பேரும் முதலெழுத்துப் போட வேண்டும். ஜா. சொ. இரண்டும் இல்லாத மாற்றம் செல்லாது.

முறை அப்படி. நடப்பு வேறு. ஒருத்தி பல் வலி என்று போனால் மற்றவள் இரண்டையும் போட்டாள். ஒருத்தி நாத்தனாருக்குச் சீமந்தம் என்று போனால் மற்றவள் போட்டாள். மூன்று வருஷத்தில் நோட்டில் இருந்த ஜாக்களில் பாதி சொர்ணத்தின் கை. "நீ போடற ஜா என்னுதை விட லட்சணமா இருக்குடி. பேசாம பாங்க்குக்கும் நீயே வந்துடு" என்று ஜானு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

கல்யாணராமன் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஜானுவின் கையெழுத்தில் ஐந்து வரிகள். முதல் மூன்று, வீட்டின் கதவு எண்ணைப் பற்றியவை. குடும்ப அட்டவணையில் அதற்குக் கதவு என்று பெயர், வீட்டு அட்டவணையில் டோர்நம்பர், பதில் அட்டவணையில் எண். மூன்றையும் கதவெண் என்று ஒன்றாக்கியிருந்தாள். நான்காவது வரி: சம்மதம், இனி சம்மதம்_ப. ஐந்தாவது: சம்மதம்5, இனி சம்மதம். ஐந்தையும் சேர்த்து ஒரு பெரிய அடைப்புக்குறி. அடைப்புக்கு வெளியே ஒரு ஜா. அதன் பக்கத்தில் ஒரு சொ. சொர்ணம் எழுதும்போது எப்படிச் சாயுமோ அதே சாய்வு.

வியாழக்கிழமை தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து ஜானுவோடு பேசியது அவளுக்கு நினைவு வந்தது. நிஷாவுக்குக் காய்ச்சல் இறங்காத நாள். இன்னும் நான்கு நாள் வர முடியாது என்று சொல்லத்தான் பேசினாள். ஜானு எல்லாம் விசாரித்தாள். பிறகு, "கதவு நம்பருக்கு மூணு டேபிள்ல மூணு பேர் வெச்சிருக்கோமே, ஒண்ணாக்கச் சொல்றார். நோட்டுல உன்னுது வேணும்" என்றாள். "நீயே போட்டுக்க" என்றாள் சொர்ணம். பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜானு ஒரு வினாடி எதுவும் பேசவில்லை. லைன் சரியில்லை என்றுதான் சொர்ணம் நினைத்தாள்.

"இது நான் போட்டதில்ல சார்."

"உங்களுக்குத் தெரியாம ஜானு போட்டுட்டாங்களா?"

சொர்ணம் அந்த அடைப்பின் மேல் விரல் வைத்தாள்.

"போடச் சொன்னேன். இதுக்கில்ல. மேல இருக்கற மூணுக்கு."

"நோட்டு அப்படிச் சொல்லலையே." அவர் நோட்டை மூடினார். "உங்க வருத்தம் புரியுது. பழையபடி மாத்தணும்னு நெனச்சா மாத்துங்க. நான் தடுக்கல. அஞ்சு மணிக்கு அரசாங்கத்துலேந்து ஆள் வராங்க, டிஸ்க் வாங்கிட்டுப் போக. அதுதான் கடைசி. அவங்க கிட்ட இப்ப இருக்கறது வெறும் சுருக்கம். யார் யார் போகணும்ங்கற பட்டியல் இந்த டிஸ்க்லேந்துதான் எடுப்பாங்க. ஆனா ரெண்டு கையெழுத்து இல்லாத மாத்தம் எதுவும் இந்த ஆபீஸை விட்டு வெளியே போகாது. அது உங்களுக்கே தெரியும். ஜானு போட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல."

அவர் மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. சொர்ணத்துக்குத் தலைகீழாக எழுத்தைப் படிக்க வரும். வாசல்களில் நின்று மற்றவர் படிவங்களைப் படித்துப் பழகியது. ஆறு குடியிருப்புகளில் அடுத்த ஆய்வு. மேற்பார்வையாளர் என்று இருந்த இடத்துக்கு நேராக ஜானுவின் முழுப் பெயர்.

அதனால்தான் ஆட்சேபணை இல்லை.

பன்னிரண்டரைக்குக் கல்யாணராமன் தி.நகர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். போனால் ஐந்துக்குத்தான் வருவார். போகும்போது நோட்டை நடு அறையில் அச்சுப்பொறியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சொர்ணம் சாப்பிடவில்லை. இரண்டு பேர் செய்யும் வேலையைத் தனியாகச் செய்ய உட்கார்ந்தாள். மூன்று அட்டவணைகள், அவற்றைக் கோத்துப் பதிலைத் தேடி எடுக்கும் பதினொரு வினவல்கள், ஆறு அறிக்கைகள். கதவெண்ணை அவள் தொடவில்லை. அது சரியான மாற்றம். முதலில் சம்மதம் என்பதைச் சம்மதம்5 ஆக்கினாள். பிறகு சம்மதம்_ப என்பதைச் சம்மதம் ஆக்கினாள். வரிசை தவறினால் ஒரே பெயரில் இரண்டு பத்தி ஆகும், மென்பொருள் ஒத்துக்கொள்ளாது. தானே முணுமுணுத்து வாசித்து, தானே மாற்றினாள். மாற்றியதைப் பென்சிலால் ஒரு தாளில் அடித்துக்கொண்டே வந்தாள்.

ஜானு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டாள். அந்த அறையில் மூன்று வருஷத்தில் அவள் தன் டப்பாவைத் தனியாகத் திறந்து தனியாக மூடியது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு சொர்ணம் தொகுப்பு அறிக்கையை ஓட்டிப் பார்த்தாள். சிறிய கட்டம் வந்தது. சம்மதம்_ப என்று கேட்டது. எங்கோ விட்டிருக்கிறாள். பென்சில் குறிகளை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் அடித்திருந்தது. மறுபடி பார்த்தாள்.

"வரிசையில நாலாவது வினவல்" என்றாள் ஜானு, திரும்பாமல். "வயசுவாரியா பிரிக்கறது. அதுக்குள்ள இன்னொண்ணு இருக்கு, வெளியிலேர்ந்து தெரியாது."

அங்கேதான் இருந்தது. சொர்ணம் மாற்றினாள். நன்றி சொல்லவில்லை.

அச்சுப்பொறி இரைந்துகொண்டு ஓடியது. மொத்தம் 386. எங்கே என்றாலும் சம்மதம் 31. ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டும் சம்மதம் 297. சம்மதமில்லை 58. சொர்ணம் தாளைக் கிழித்து, துளை போட்ட ஓரங்களை மடித்துப் பிய்த்தாள். டிஸ்க்கைப் போட்டு நகல் எடுத்தாள்.

"என்னை என்னன்னு நெனச்சிண்டிருக்கே?" என்றாள் ஜானு. இப்போது திரும்பியிருந்தாள். "மேற்பார்வையாளர் வேலைக்காகப் பண்ணிட்டேன்னு தானே?"

"இல்லியா?"

"அதுக்காகவும்தான்." ஜானு கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "எங்காத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டா, தெரியுமோ? சித்திரைக்குளத்துப் பக்கத்துல முப்பத்திரெண்டு வருஷம். ஓனர் இடிச்சு ஃப்ளாட் கட்டப்போறாராம். நங்கநல்லூர்ல பாத்திருக்கோம். மாமியார் தெனம் கோவிலுக்குப் போறவர், இனிமே ரெண்டு பஸ் மாறணும். எங்களை யாராவது படிவத்தைத் தூக்கிண்டு வந்து சம்மதமான்னு கேட்டாளா? உங்களுக்காவது கேக்க ஒரு ஆள் இருந்தது."

"நான் கேட்டிருப்பேன்."

"என்னது?"

"உன் வூட்டுக்கு வந்து கேக்கச் சொல்லியிருந்தா வந்து கேட்டிருப்பேன். நீ அஞ்சு கிலோமீட்டர்னு சொன்னா அஞ்சு கிலோமீட்டர்னு எழுதியிருப்பேன். நீ படுத்துக் கெடக்கறப்ப உன் கையெழுத்தப் போட்டு அத்த அழிச்சிருக்க மாட்டேன்."

ஜானுவின் கண் கலங்கியது. சொர்ணம் அதைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராதது அவளுக்கே புதிதாக இருந்தது. மூன்று வருஷமாக இந்தப் பெண்ணுக்குத் தலைவலி என்றால் தனக்கும் ஒரு பக்கம் வலிப்பதுபோல இருக்கும்.

"அந்த அஞ்சாவது வரியை எப்ப எழுதின?" என்று கேட்டாள். "நான் பூத்துலேந்து பேசறதுக்கு முன்னியா, பின்னியா?"

"எதுக்குடி இப்ப அதெல்லாம்?"

"முன்னியா?"

"முன்னாடியே எழுதிட்டேன்."

"அப்ப நோட்டு உன் முன்னாடி தொறந்து கெடந்திச்சி. அஞ்சு வரியும் இருந்திச்சி. மூணத்தான் எனக்குப் படிச்சிக் காட்டின."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே" என்றாள் ஜானு.

அது மன்னிப்புக் கேட்பது போலவும் இல்லை, சண்டை போடுவது போலவும் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

நாலே முக்கால். சொர்ணம் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். சம்மதம், இனி சம்மதம்5. சம்மதம்_ப, இனி சம்மதம். தேதி போட்டாள். அடைப்புப் போடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகச் சொ போட்டாள். நோட்டைத் திருப்பி ஜானுவின் மேஜையில், விசைப்பலகைக்கும் அவள் கைக்கும் நடுவில் வைத்தாள். பேனாவை மேலே வைத்தாள்.

"படிச்சிப் பாத்துக்க" என்றாள். "ரெண்டே வரி. மேல கீழ வேற ஒண்ணும் இல்ல."

ஜானு படித்தாள். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"போட்டா நாளைக்கு எனக்கு இங்க என்ன இருக்கும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"போடாட்டா?"

"நாளைக்கு எங்க தோட்டத்துல எனக்கு இன்னா இருக்கும்னு நான் சொல்லணுமா?"

ஜானு பேனாவைத் தொட்டாள். எடுக்கவில்லை. விரல் அதன் மேல் இருந்தது. சுவரில் பல்லி ஒன்று விளக்குக் குழாயின் பின்னால் போயிற்று. கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். ஜானு விரலை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கை வரலைடி" என்றாள். "சத்தியமா வரலை."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணராமனின் கார் உள்ளே வந்து நின்றது. ஒரு கதவு மூடியது, பிறகு இன்னொரு கதவு. இரண்டு பேர் பேசிக்கொண்டே படி ஏறினார்கள்.

சொர்ணம் குனிந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"உன் ஜா எனக்கு நல்லா வரும், ஜானு. எதுக்குன்னு சொல்லிட்டுத்தான் கேக்கறேன். நானே போட்டுக்கட்டுமா?"